பூட்டும் திறவுகோலும்: தொலைக் கணிப்பொறியுள் நுழையும் நெறி

முன்னுரை

திண்டுக்கல் என்றதும் தமிழ் மக்களின் நினைவில் முதலில் எழுவது பூட்டு. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல்வகைப் பூட்டுகளை இரும்பிலும் பித்தளையிலும் கையாலேயே இழைத்துத் தந்த கைவினைஞர்களின் ஊர் அது. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. அம்மாவட்டத்தின் மேற்கே நிமிர்ந்து நிற்பது பழனிமலைத் தொடர். அதன் உச்சியில் அமைந்துள்ள கொடைக்கானலில் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகக் கதிரவனை நோக்கியிருக்கும் வானாய்வகம் ஒன்று உண்டு. அடிவாரத்துப் பூட்டுக்கும் மலைமேல் வானாய்வகத்திற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொலைவிலுள்ள கணிப்பொறியுள் நுழைந்து பணியாற்றும் இக்காலத்தில் அத்தொடர்பு மிக நெருங்கியதாகிவிட்டது. இரும்புப் பூட்டின் இடத்தில் எண்களால் ஆன பூட்டும், இடுப்பில் செருகிய சாவியின் இடத்தில் எண்களால் ஆன திறவுகோலும் வந்துள்ளன. அத்திறவுகோல் எத்தகையது, அதனைப் பேணிக் காக்கும் ‘முகவர்’ என்னும் மென்பொருள் எவ்வாறு இயங்குகிறது, அதனை எந்த அளவிற்கு நம்பலாம் என்பவற்றை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைமேல் ஒரு நூற்றாண்டு

1876ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின் அமைக்கப்பெற்ற பஞ்ச விசாரணைக் குழு, பருவமழையின் போக்கை அறியக் கதிரவனைத் தொடர்ந்து ஆராய்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையின் விளைவாக 1899இல் தோன்றியதே கொடைக்கானல் கதிரவ ஆய்வகம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் அது அமைந்துள்ளது. கதிரவப் புள்ளிகளில் வளிமம் ஆரப்போக்கில் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்குக் கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என உலக அறிவியலார் வழங்குவது அதனையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நாள்தோறும் எடுக்கப்பெற்ற கதிரவப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் பின்னர்ப் படச்சுருள்களிலும் சேமிக்கப்பட்டன. அண்மைக் காலத்தில் அவை எண்முறைப் படங்களாக மாற்றப்பட்டு ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. கதிரவனின் நூறாண்டு நடத்தையை அறிய விரும்புவோர்க்கு இதனை ஒத்த கருவூலங்கள் உலகில் மிகச் சிலவே.

இவ்வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சார்ந்தது. 1971இல் தன்னாட்சி பெற்ற அந்நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் உள்ளது. இதே நிறுவனம் இலடாக்கிலுள்ள ஆன்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றை நிறுவியுள்ளது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசக்கோட்டையில் அமர்ந்தவாறே செயற்கைக்கோள் தொடர்பு வழியாக அதனை இயக்குகின்றனர். கருவி ஓரிடம், தரவு வேறிடம், ஆய்வாளர் மற்றோரிடம் என்பதே இன்றைய அறிவியலின் இயல்பு. ஆகவே, மலைமேல் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் சமவெளியிலுள்ள கணிப்பொறியுள் நுழைந்து, அங்குள்ள கதிரவப் படங்களை அளந்து கணக்கிட வேண்டியுள்ளது என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவரை அவர்தாம் என்று அக்கணிப்பொறி எவ்வாறு அறியும்? அவர் பெயரால் வேறொருவர் நுழைந்து தரவுகளை அழித்தால், அல்லது யாரும் அறியாவண்ணம் திருத்தினால் யாது செய்வது? சிக்கலின் வேர் இதுவேயாகும்.

கடவுச்சொல்லின் குறைபாடு

முன்னாளில் ‘டெல்நெட்’ என்னும் முறையால் தொலைக் கணிப்பொறியுள் நுழைந்தனர். அதில் பயனரின் கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றிக் கம்பி வழியே சென்றது. அஞ்சலட்டையில் எழுதியதை வழியிலுள்ளோர் எல்லாரும் படிக்கலாம் அன்றோ? அவ்வாறே இடைவழியில் செவிசாய்த்திருந்த எவரும் அதனைப் படிக்க இயன்றது. 1995இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் இத்தகைய ஒட்டுக்கேட்புக் களவு நிகழ்ந்தது. அங்குப் பணியாற்றிய தாத்து உலொனென் அதற்கு மாற்றாக அவ்வாண்டே ஒரு நெறிமுறையை வகுத்தார். அதுவே ‘செக்யூர் செல்’ எனப்படும் எஸ்.எஸ்.எச். ஆகும். இருவருக்கிடையே செல்லும் செய்தி முழுவதையும் அது மறைகுறியாக்கிவிடுகிறது. 1999இல் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் ‘ஓப்பன்எஸ்.எஸ்.எச்.’ என்னும் கட்டற்ற வடிவத்தை வெளியிட்டனர். இன்று உலகெங்கும் பெருவழக்கில் உள்ளது அதுவே.

வழி மறைவானதாகிவிட்டாலும் கடவுச்சொல்லின் குறை முற்றும் நீங்கிவிடவில்லை. நுழையும் ஒவ்வொரு முறையும் அது மறுமுனைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்படுகிறது. அக்கணிப்பொறி தீயோர் வசப்பட்டிருப்பின் கடவுச்சொல்லும் அவர் வசமாகும். மேலும், மாந்தர் எளிதில் நினைவிற்கொள்ளும் சொல்லைப் பிறர் எளிதில் ஊகிக்கின்றனர். இணையத்தில் இணைந்த கணிப்பொறிகளின் வாயிலில் இரவும் பகலும் ஓயாது கடவுச்சொற்களை இட்டுப் பார்க்கும் நிரல்கள் பல உள்ளன. ஆதலின், கொடுக்காமலே மெய்ப்பிக்கும் வழி ஒன்று வேண்டப்பட்டது.

இரட்டைத் திறவுகோல்

மறைபொருள் எழுத்துக் கலை மிகத் தொன்மையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, ஒரு மொழியில் எவ்வெழுத்து எத்தனை முறை பயில்கிறது என எண்ணிப் பார்த்து மறைமொழியை உடைக்கும் முறையை நூலாக எழுதினார். மறையெழுத்தை உடைப்பதை முறையான அறிவாக்கியோருள் அவர் முன்னவர். அக்காலம் தொட்டு 1970கள் வரை வழங்கிய முறைகளில் மறைப்பவரும் திறப்பவரும் ஒரே திறவுகோலையே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1976இல் டிஃபியும் எல்மனும் வெளியிட்ட கருத்தும், 1977இல் ரிவெஸ்ட், சமீர், ஏடில்மன் ஆகிய மூவர் கண்ட முறையும் அந்நிலையை மாற்றின. ஒன்றோடொன்று இணைந்த இரு திறவுகோல்கள் இவற்றால் பிறந்தன. ஒன்று ஊரறியக் கொடுக்கத்தக்க பொதுத் திறவுகோல். மற்றொன்று உடையவர் மட்டுமே வைத்திருக்க வேண்டிய தனித் திறவுகோல்.

இதனைத் திண்டுக்கல் பூட்டைக் கொண்டு விளக்கலாம். ஒரே சாவிக்கு இசைந்த பல பூட்டுகளைக் கைவினைஞர் ஒருவர் நமக்குச் செய்து தருகிறார் எனக் கொள்வோம். பெங்களூரில் ஒரு கதவிலும், சென்னையில் ஒரு கதவிலும், மதுரையில் ஒரு கதவிலும் அவற்றை மாட்டிவிடலாம். சாவி நம் கையிலேயே இருக்கும். பொதுத் திறவுகோல் அப்பூட்டைப் போன்றது. தனித் திறவுகோலே சாவி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கைதேர்ந்த கொல்லர் பூட்டைப் பிரித்துப் பார்த்துச் சாவியை வார்த்துவிடக்கூடும். கணிதத்தால் ஆன இப்பூட்டைப் பல்லாண்டு ஆராய்ந்தாலும் அதன் சாவியை இன்றைய கணிப்பொறிகளால் உருவாக்க இயலாது. பூட்டை ஊர் நடுவே தொங்கவிடினும் கேடில்லை என்பதே இதன் சிறப்பு.

நுழைவு நிகழும் முறையும் நோக்கத்தக்கது. சாவி கதவருகே செல்வதே இல்லை. ஒவ்வோர் இணைப்பிற்கும் அதற்கே உரிய அடையாள எண் ஒன்று உருவாகிறது. பயனரின் கணிப்பொறி அவ்வெண்ணை உள்ளடக்கிய ஒரு செய்தியில் தனித் திறவுகோலால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. மறுமுனைக் கணிப்பொறி தன்னிடம் முன்னரே பதிவாகியுள்ள பொதுத் திறவுகோலைக் கொண்டு அக்கையொப்பம் மெய்யா என ஆராய்கிறது. மெய்யெனின் கதவு திறக்கும். அக்கையொப்பத்தை ஒருவர் படியெடுத்து வைத்தாலும் அடுத்த இணைப்பிற்கு அது பயன்படாது. ஏனெனில் அடுத்த இணைப்பின் அடையாள எண் வேறு.

முகவரின் தேவை

தனித் திறவுகோல் என்பது கணிப்பொறியின் வட்டில் கிடக்கும் ஒரு சிறு கோப்பு. அக்கோப்பைத் திருடியவர் திறவுகோலுக்கே உரிமையாளர் ஆகிவிடுகிறார். ஆகையால் கோப்பையும் ஒரு மறைசொற்றொடரால் பூட்டி வைத்தல் வேண்டும். பல சொற்கள் கொண்ட நீண்ட தொடராக அஃது அமைதல் நன்று.

இங்கேதான் மாந்தரின் இயல்பு குறுக்கிடுகிறது. ஒரு நாளில் முப்பது முறை தொலைக் கணிப்பொறியுள் நுழைபவர் முப்பது முறையும் நீண்ட தொடரைத் தட்டெழுதச் சலிப்படைவார். மலைப்பகுதியில் இணைப்பு அடிக்கடி அறுபடுமாயின் சலிப்பு இன்னும் பெருகும். அச்சலிப்பால் மறைசொற்றொடர் இல்லாமலே திறவுகோலை வைத்துக்கொள்வோர் பலர். பூட்டு வாங்கிச் சாவியை அதன்மேலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பானது அச்செயல்.

காவலையும் எளிமையையும் ஒருங்கே தருவதற்காக ஏற்பட்டதே திறவுகோல் முகவர். ‘எஸ்.எஸ்.எச். ஏஜெண்ட்’ என்பது அதன் பெயர். காலையில் பணி தொடங்குகையில் பயனர் ஒரே ஒரு முறை மறைசொற்றொடரைக் கூறித் திறவுகோலை முகவரிடம் ஒப்படைக்கிறார். ‘எஸ்.எஸ்.எச். ஆட்’ என்னும் கட்டளை இதற்கு உரியது. முகவர் திறவுகோலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வட்டிலுள்ள கோப்பு பூட்டப்பட்டவாறே இருக்கும். அதன்பின் எத்தனை முறை நுழைந்தாலும் கையொப்பமிடும் பணியை முகவரே செய்துவிடும். விண்டோஸ் கணிப்பொறிகளில் ‘பட்டி’ என்னும் மென்பொருளோடு வரும் ‘பேஜெண்ட்’ என்பதும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

இதனைப் பழங்கால அரண்மனையின் முத்திரை அதிகாரிக்கு ஒப்பிடலாம். அரசரின் முத்திரை மோதிரம் அவர் கையில் இருக்கும். ஓலையைக் கொண்டுவருவோர்க்கு முத்திரையைப் பதித்துத் தருவார். மோதிரத்தை மட்டும் எவரிடமும் கொடுக்கமாட்டார். முகவரும் அத்தகையதே. ‘உம்மிடம் எவ்வெத் திறவுகோல்கள் உள்ளன?’ என்று கேட்டால் பொதுத் திறவுகோல்களின் பட்டியலைத் தரும். ‘இதில் கையொப்பமிடுக’ என்று கேட்டால் கையொப்பத்தைத் தரும். ‘தனித் திறவுகோலைத் தருக’ என்று கேட்பதற்கு அதன் நெறிமுறையில் ஒரு கட்டளையே இல்லை. முகவரோடு பேசும் வாயில், கணிப்பொறியினுள் அமைந்த ஒரு சிறப்புக் கோப்பாகும். அதனை உடையவர் மட்டுமே அணுகுமாறு உரிமை வரையறுக்கப்பட்டிருக்கும்.

முகவரால் விளையும் இடர்

எந்தக் காவலும் குறைவற்றது அன்று. அதிகாரியிடமிருந்து மோதிரத்தைத் திருட இயலாதெனினும், அவர் அறைக்குள் புகுந்தவன் தன் ஓலையை நீட்டி முத்திரை பெற்றுவிடலாம் அன்றோ? முகவரின் இடரும் இவ்வாறே அமைகிறது.

மலையிலுள்ள மாணவர் முதலில் ‘அ’ என்னும் இடைநிலைக் கணிப்பொறியுள் நுழைந்து, அங்கிருந்து ‘ஆ’ என்னும் தரவுக் கணிப்பொறிக்குச் செல்ல வேண்டும் என்க. தனித் திறவுகோலை ‘அ’விற்குப் படியெடுத்து வைப்பது பெருந்தவறு. அதற்கு மாற்றாக ‘முகவரை முன்செலுத்துதல்’ என்னும் வசதி உள்ளது. ‘அ’வில் எழும் கையொப்பக் கோரிக்கை மாணவரின் கணிப்பொறியிலுள்ள முகவருக்கே திரும்பி வந்து, கையொப்பம் பெற்றுச் செல்லும். திறவுகோல் இடம்பெயர்வதில்லை. ஆயினும், ‘அ’வில் முழு அதிகாரம் உடையவரோ, அதனைக் கைப்பற்றிய கள்வரோ, இணைப்பு நீடிக்கும் வரையில் அதே வாயில் வழியே தம் கோரிக்கையையும் அனுப்பிக் கையொப்பம் பெறலாம். மாணவர் பெயரால் அவர்கள் வேறு கதவுகளைத் திறப்பர். மாணவர் அதனை அறியவும் மாட்டார்.

இது வெறும் ஐயம் அன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘மேட்ரிக்ஸ்’ என்னும் செய்தித்தொடர்பு அமைப்பின் கணிப்பொறிகளுள் புகுந்த கள்வர், முன்செலுத்தப்பட்ட முகவரைப் பயன்படுத்தியே பிற கணிப்பொறிகளுக்கும் பரவினர். ஆதலின் இடைநிலைக் கணிப்பொறி வழியே செல்ல வேண்டுவோர்க்குத் ‘தாவல் முறை’ சிறந்தது. 2016இல் ஓப்பன்எஸ்.எஸ்.எச். இதனைப் ‘புராக்சி ஜம்ப்’ என்னும் எளிய வடிவில் தந்தது. இதில் ‘அ’ வெறும் குழாயாக மட்டுமே நிற்கும். கையொப்பம் மாணவரின் கணிப்பொறியிலேயே நிகழும். ‘அ’வினால் முகவரை அணுகவே இயலாது. முகவரை முன்செலுத்தியே தீர வேண்டிய நிலையில், இன்ன கணிப்பொறி வழியே இன்ன கணிப்பொறிக்கு மட்டுமே கையொப்பமிடுக எனத் திறவுகோலுக்கு எல்லை வகுக்கும் வசதி 2022 முதல் உள்ளது.

களவு போன திறவுகோல்கள்

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பாவின் மீத்திறன் கணிப்பொறி நிலையங்கள் பல ஒரே காலத்தில் மூடப்பட்டன. பிரிட்டனில் எடின்பரோவில் இயங்கிய ‘ஆர்ச்சர்’ மே 11ஆம் நாள் நிறுத்தப்பட்டது. செருமனி, சுவிட்சர்லாந்து நிலையங்களும் பாதிப்புற்றன. பயனர்களான ஆய்வாளர்களின் நுழைவுரிமைகள் களவு போனதே அதற்குக் காரணம். ஆர்ச்சரின் பயனர்கள் தம் கடவுச்சொற்களையும் எஸ்.எஸ்.எச். திறவுகோல்களையும் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் ஒருவர் காட்டிய கவனக்குறைவு வேறிடத்தில் பலருடைய ஆராய்ச்சியை முடக்கும் என்பதற்கு இது சான்று.

திறவுகோல் பிறக்கும்போதே பழுதாவதும் உண்டு. ‘டெபியன்’ இயக்க முறைமையில் 2006இல் நேர்ந்த ஒரு நிரல் மாற்றத்தால், திறவுகோல் உருவாக்கத்திற்குத் தேவையான தற்செயல் தன்மை குன்றிப்போயிற்று. ஒரு வகைக்கு ஏறத்தாழ 32,000 திறவுகோல்களே பிறக்க முடிந்தது. அவை அனைத்தையும் ஒருவர் முன்னரே செய்து வைத்துக்கொள்ளலாம். 2008ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் இக்குறை வெளிப்பட்டது. பூட்டு வலியதாயினும், ஊரிலுள்ள சாவிகள் எல்லாம் ஒரு கொத்தில் அடங்குமெனில் பயனில்லை.

கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

மாணவரும் ஆசிரியரும் மனங்கொள்ள வேண்டியவை இவை:

1. திறவுகோலைத் தம் கணிப்பொறியிலேயே உருவாக்குதல் வேண்டும். ‘எட் 25519’ என்னும் வகை சிறியது, விரைவானது, வலியது. 2023 முதல் ஓப்பன்எஸ்.எஸ்.எச். தானாகவே இவ்வகையை உருவாக்குகிறது.

2. மறைசொற்றொடர் இன்றித் திறவுகோலை வைத்தலாகாது. முகவர் இருக்கும்போது சலிப்பென்னும் சாக்கிற்கு இடமில்லை.

3. முகவரிடம் ஒப்படைக்கும்போது காலவரையறை விதித்தல் நன்று. நான்கு மணி நேரம் என விதித்தால், அதன்பின் முகவர் திறவுகோலைத் தானே மறந்துவிடும். ஒவ்வொரு கையொப்பத்திற்கு முன்பும் உடையவரின் ஒப்புதலைக் கேட்குமாறும் பணிக்கலாம்.

4. கணிப்பொறியை விட்டு எழும்போது திரையைப் பூட்டுதலோடு முகவரையும் பூட்டலாம். பணி முடிந்ததும் திறவுகோல்களை முகவரிடமிருந்து நீக்கிவிடுதல் வேண்டும். துறைக்குப் பொதுவான கணிப்பொறியாயின் இது கட்டாயம்.

5. ஒரு கணிப்பொறிக்கு ஒரு திறவுகோல் என அமைத்துக்கொண்டால், மடிக்கணிப்பொறி ஒன்று தொலைந்தபோது அதற்குரிய பொதுத் திறவுகோலை மட்டும் மறுமுனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

6. முதன்முறை இணையும்போது மறுமுனைக் கணிப்பொறி தன் ‘விரல்ரேகை’யைக் காட்டும். பலரும் அதனைப் படியாமலே ‘ஆம்’ என்கின்றனர். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் கேடு தரும் என்பது வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் உணர்த்தும் கருத்து. அந்நிலையத்தாரிடம் அவ்விரல்ரேகையைத் தனியே கேட்டு ஒப்பிட்ட பின்னரே இசைதல் முறை. பழகிய கணிப்பொறியின் விரல்ரேகை திடீரென மாறியதாக எச்சரிக்கை வருமாயின் அங்கேயே நின்று வினவுதல் வேண்டும்.

7. தனித் திறவுகோலை நண்பர்க்கும் கடன் கொடுத்தலாகாது. மின்னஞ்சலில் அனுப்புதலும் ஆகாது. நண்பர்க்கு நுழைவு தேவையெனின் அவருடைய பொதுத் திறவுகோலைப் பெற்று நிலையத்தாரிடம் பதிவு செய்விக்கலாம். யார் எதைச் செய்தார் என்னும் பொறுப்பு அப்போதுதான் தெளிவாக நிற்கும்.

முடிவுரை

இந்நெறிகள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயின் இவை காப்பது பெரும்பொருள். மழைபொய்த்து மடிந்த மக்களின் துயரிலிருந்து பிறந்தது கொடைக்கானலின் ஆய்வு. தலைமுறை தலைமுறையாக மலைக்குளிரில் நின்று நாள்தோறும் கதிரவனைப் படம்பிடித்தோரின் உழைப்பு அத்தகடுகளில் உறைந்துள்ளது. தகடு உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்முறைத் தரவில் ஓர் எண்ணை ஒருவர் மாற்றிவிட்டால் உடனே தெரிவதில்லை; அதன்மேல் எழும் ஆய்வுகள் அனைத்தும் பிழைபட்ட பின்னரே தெரியவரும். எனவே, அத்தரவுக்குச் செல்லும் வாயிலின் திறவுகோலைப் பெற்ற மாணவர் அதனைத் தம் வசதிக்குரிய பொருளாகக் கருதாமல், பிறர் உழைப்பின்பால் தமக்கு அளிக்கப்பட்ட அமானிதமாகக் கருதுதல் வேண்டும்.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் நாளை வங்கியிலும், மருத்துவமனையிலும், ஆய்வுக்கூடத்திலும், அயல்நாட்டிலும் பிறருடைய கணிப்பொறிகளைப் பேணும் பணியில் அமரவிருக்கின்றனர். திறவுகோலைத் தாமே உருவாக்குதல், அதனை மறைசொற்றொடரால் காத்தல், முகவரிடம் அளவறிந்து ஒப்படைத்தல், பணி முடிந்ததும் திரும்பப் பெறுதல் ஆகிய நான்கையும் இன்றே பழக்கமாக்கிக்கொண்டால், நாளை பிறர் அவர்களை நம்பி ஒப்படைப்பவை பழுதின்றி நிலைக்கும்.